மயோர்க்கா: ஒரு தீவுக் காற்பந்துக் குழுவின் நூறாண்டு

(காற்பந்தும் பணமும் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பணபலம் இல்லாத ஒரு குழு காற்பந்தில் நிலைத்து நிற்க முடியுமா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய நண்பர்கள் மான்செஸ்டரையும் மட்ரிட்டையும் சான்றாகக் காட்டினார்கள். நான் உங்களை ஒரு தீவுக்கு அழைத்துச் செல்கிறேன். ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால், மத்தியதரைக் கடலில் இருக்கிறது மயோர்க்கா. பரப்பளவு சுமார் 3,640 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் தலைநகர் பால்மா. அங்குள்ள ரியால் மயோர்க்கா குழுவின் வரலாற்றில் நம் கேள்விக்குப் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

அரசர் பெயரில் பிறந்த குழு

1916ஆம் ஆண்டு மார்ச் மாதம், அடோல்போ வாஸ்கெஸ் உமாஸ்கே என்ற பொறியாளரின் முயற்சியில் இக்குழு தொடங்கப்பட்டது. அப்போது ஸ்பெயினை ஆண்டவர் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ. குழுவுக்கும் அவர் பெயரையே சூட்டினார்கள். சில ஆண்டுகளில், 1920இல், அதே பால்மாவில் கப்பல் நிறுவனப் பட்டறைத் தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு குழுவைத் தொடங்கினார்கள். இன்றைய அட்லெட்டிக் பலேயாரெஸ் குழுவின் வேர் அதுதான். ஒரே ஊரில் ஒன்று அரசர் பெயர் தாங்கியது, மற்றொன்று தொழிலாளர் கைகளில் வளர்ந்தது.

1931ஆம் ஆண்டு ஸ்பெயின் குடியரசானது. மன்னர் நாட்டை விட்டு வெளியேறினார். அரச குடும்பத்தைக் குறிக்கும் பெயரோ சின்னமோ எந்தக் குழுவுக்கும் இருக்கக்கூடாது என்றாயிற்று. உடனே குழு 'கிளப் டெப்போர்ட்டிவோ மயோர்க்கா' என்று தன் பெயரை மாற்றிக்கொண்டது. அரசர் போனார், தீவின் பெயர் வந்தது. 'அரச' என்று பொருள்படும் 'ரியால்' என்ற சொல் பிற்காலத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டது என்றாலும், அன்று சேர்ந்த தீவின் பெயர் இன்றுவரை நீங்கவில்லை.

கடல் கடந்து ஆட வேண்டும்

1929ஆம் ஆண்டு தேசிய லீக் தொடங்கியபோது முதல் பிரிவில் இருந்தவை பத்துக் குழுக்கள். அவற்றில் மயோர்க்கா இல்லை. தீவுக் குழுவுக்கு ஒரு தனிச் சுமை உண்டு. பெருநிலத்துக் குழுக்கள் பேருந்திலோ இரயிலிலோ போய் ஆடித் திரும்பலாம். மயோர்க்காவுக்கு ஒவ்வொரு வெளியூர் ஆட்டமும் கடல் பயணம். பார்சலோனாவுக்குப் போவதென்றாலே சுமார் 200 கிலோமீட்டர் கடலைக் கடந்தாக வேண்டும்.

1945ஆம் ஆண்டு குழுவுக்குப் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அதை எழுப்பப் பாடுபட்ட தலைவர் லூயிஸ் சிட்ஜாரின் பெயர் பிற்பாடு அதற்கு நிலைத்தது. 1960ஆம் ஆண்டு மயோர்க்கா முதன்முறையாக முதல் பிரிவுக்கு உயர்ந்தது. பால்மாவின் சொன் சாந்த் ஜோவான் விமான நிலையம் பயணிகளுக்குத் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சுற்றுப்பயணிகள் வந்து குவியத் தொடங்கிய காலம் அது.

ஆனால் முதல் பிரிவில் கால் ஊன்ற முடியவில்லை. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்த குழு, 1970களின் இறுதியில் நான்காம் பிரிவு வரை சரிந்தது. அதோடு கதை முடிந்தது என்று சொன்னவர்களும் இருந்திருப்பார்கள். முடியவில்லை. 1983ஆம் ஆண்டு மீண்டும் முதல் பிரிவைத் தொட்டது. 1991ஆம் ஆண்டு அரசர் கிண்ண இறுதியாட்டத்துக்கே வந்து, கூடுதல் நேரத்தில் அட்லெட்டிகோ மட்ரிட்டிடம் 0-1 என்று தோற்றது.

கூப்பெரின் இரண்டு ஆண்டுகள்

1997ஆம் ஆண்டு முதல் பிரிவுக்குத் திரும்பிய குழுவுக்கு அர்ஜென்டினாவிலிருந்து எக்டோர் கூப்பெர் என்ற பயிற்றுநர் வந்தார். லானுஸ் என்ற சிறிய குழுவைத் தென்னமெரிக்கக் கிண்ணம் ஒன்றை வெல்ல வைத்தவர். அங்கே ஆடிய சிலரையும் தம்முடன் கொண்டுவந்தார். அவர்களில் ஒருவர் கோல் காவலர் கார்லோஸ் ரோவா. 1998 உலகக் கிண்ணத்தில் இங்கிலாந்தின் இரண்டு பெனால்டிகளைத் தடுத்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியவர் அவர்தான். அன்று கண்விழித்துப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஏறி வந்த முதல் பருவத்திலேயே ஐந்தாம் இடம். அரசர் கிண்ண இறுதியில் பார்சலோனாவுடன் 1-1 என்று சமநிலை, பின்னர் பெனால்டியில் 4-5 என்று தோல்வி. அந்தக் கோடையில் பணக்காரக் குழுக்கள் கதவைத் தட்டின. வலேரோன் அட்லெட்டிகோ மட்ரிட்டுக்குப் போனார். இவான் கம்போ ரியால் மட்ரிட்டுக்குப் போனார். ஆளை இழந்த குழு என்ன செய்தது? அதே பார்சலோனாவை இரண்டு ஆட்டங்களிலும் வென்று 1998ஆம் ஆண்டின் ஸ்பானிய சூப்பர் கிண்ணத்தைக் கைப்பற்றியது. லீக்கில் மூன்றாம் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பியக் கிண்ண வெற்றியாளர் கிண்ணத்தின் அரையிறுதியில், நடப்பு வெற்றியாளரான செல்சியை வெளியேற்றியது.

1999ஆம் ஆண்டு மே 19ஆம் தேதி பர்மிங்ஹாமின் வில்லா பார்க்கில் இறுதியாட்டம். எதிரணி இத்தாலியின் லாசியோ. வியேரி கோல் போட, சில நிமிடங்களில் டானி அதைச் சமன் செய்தார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் நெட்வெட் அடித்த கோல் மயோர்க்காவின் கனவைக் கலைத்தது. அந்தக் கிண்ணத்துக்காக நடந்த கடைசி ஆட்டமும் அதுவே. அப்போட்டியையே ஐரோப்பாவில் நிறுத்திவிட்டார்கள். கூப்பெரும் வலென்சியாவுக்குச் சென்றுவிட்டார்.

கிண்ணம் வந்தது, கணக்கு இடித்தது

அதே 1999இல் குழு சொன் மொய்ஷ் என்ற புதிய அரங்கத்துக்கு இடம் மாறியது. பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்டதால் திடலைச் சுற்றி ஓட்டத்தடம் இருந்தது. ரசிகர்கள் எட்டி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. அந்தத் தடம் நீக்கப்பட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பழைய அரங்கமோ கேட்பாரற்றுக் கிடந்து கடைசியில் இடிக்கப்பட்டது.

கமரூனின் சாமுவேல் எத்தோ வந்து சேர்ந்தது 2000ஆம் ஆண்டில். லூயிஸ் அரகோனெஸ் பயிற்சியில் 2001ஆம் ஆண்டு மீண்டும் மூன்றாம் இடம். சாம்பியன்ஸ் லீக்கில் அர்செனலை 1-0 என்று வென்றார்கள். அந்த ஆட்டம் நடந்த நாள் 2001 செப்டம்பர் 11. உலகமே நியூயார்க்கைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த வெற்றியைக் கவனித்தவர்கள் குறைவு.

2003 ஜூன் 28ஆம் தேதி, எல்சே நகரில் ரெக்ரியாட்டிவோ குழுவை 3-0 என்று வென்று மயோர்க்கா முதன்முறையாக அரசர் கிண்ணத்தை ஏந்தியது. எத்தோ இரண்டு கோல், பண்டியானி ஒரு கோல். குழு பிறந்து 87 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த கிண்ணம். அடுத்த ஆண்டே எத்தோவைப் பார்சலோனா வாங்கிக்கொண்டது.

நேயர்களே, இங்கேதான் நம் கேள்விக்கு வருகிறேன். 2010ஆம் ஆண்டு மயோர்க்கா ஐந்தாம் இடம் பிடித்து ஐரோப்பா லீக் வாய்ப்பைத் திடலில் போராடிப் பெற்றது. ஆனால் கடனில் மூழ்கியிருந்த குழுவை ஐரோப்பியக் காற்பந்துச் சங்கம் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த இடம் வில்லாரியால் குழுவுக்குப் போனது. கால்கள் ஈட்டியதைக் கணக்குப் புத்தகம் பறித்துவிட்டது. 'விரலுக்கேற்ற வீக்கம்' என்று நம் பெரியவர்கள் சொன்னது காற்பந்துக்கும் பொருந்தும். சம்பளப் பாக்கி, உரிமம் மறுப்பு என்ற செய்திகள் நமக்கும் புதியவை அல்லவே!

2013ஆம் ஆண்டு, தொடர்ந்து 16 பருவங்கள் இருந்த முதல் பிரிவிலிருந்து குழு இறங்கியது. 2016ஆம் ஆண்டு, அமெரிக்கக் கூடைப்பந்துக் குழு ஒன்றின் உரிமையாளரான ராபர்ட் சார்வர் இதை வாங்கினார். பணம் வந்துவிட்டது, இனி ஏற்றம்தான் என்று நினைத்தார்கள். மறு ஆண்டே குழு மூன்றாம் பிரிவுக்கு விழுந்தது!

மீண்டும் ஏறிய படிகள்

அப்போது வந்தவர் பயிற்றுநர் விசென்தே மொரேனோ. 2018இல் இரண்டாம் பிரிவு, 2019இல் முதல் பிரிவு என்று, மூன்றாம் பிரிவில் ஆடியவர்களில் பலரைக் கொண்டே அடுத்தடுத்து இரண்டு படி ஏற்றினார். 2019 ஜூனில் நடந்த தகுதி இறுதியின் முதல் ஆட்டத்தில் டெப்போர்ட்டிவோ லா கொருன்யாவிடம் 0-2 என்று தோல்வி. சொந்தத் திடலில் 3-0 என்று வெற்றி. அந்த மூன்றாவது கோலை அடித்தவர் அப்டோன் பிராட்ஸ். தீவின் அர்த்தா என்ற ஊரில் பிறந்து, இக்குழுவின் இளையர் அணியில் வளர்ந்து, வெளியே போய், மூன்றாம் பிரிவுக்கு விழுந்த வேளையில் திரும்பி வந்தவர்.

2020இல் மீண்டும் இறக்கம், 2021இல் மீண்டும் ஏற்றம். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் செவியா நகரில் இன்னோர் அரசர் கிண்ண இறுதி. பில்பாவோவுடன் 1-1 சமநிலை, பெனால்டியில் தோல்வி. 1998இல் நடந்தது அப்படியே திரும்ப நடந்தது. அந்த ஆட்டத்துக்காகவும் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து போனார்கள்.

பணம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் இல்லாமல் கப்பல்கூட ஏற முடியாது. ஆனால் பணம் கையில் இருந்தபோதும் இக்குழு விழுந்திருக்கிறது, இல்லாதபோதும் எழுந்திருக்கிறது. அரசர் பெயர் போனது, அரங்கம் போனது, உரிமையாளர்கள் மாறினார்கள், நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய குழுக்கள் கொண்டுபோயின. நான்காம் பிரிவிலும் ஐரோப்பிய இறுதியிலும் ஒன்றுபோல் வந்து உட்கார்ந்தவர்கள் தீவு மக்கள் மட்டுமே. ஒரு குழுவை உயரத்தில் ஏற்றுவது பணமாக இருக்கலாம். விழுந்த பிறகும் அது இருப்பதற்குக் காரணம், அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் ஊர்தான். நம் ஊர்த் திடலில் ஆடும் குழுவை நாம் கடைசியாக எப்போது போய்ப் பார்த்தோம் என்று ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோம்.