முன்பணம் கட்டிய சேவை: பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா?

உடற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டுச் சந்தா, அழகு நிலையத்தில் 20 முறைக்கான ‘பேக்கேஜ்’, நடன வகுப்புக்கு ஆண்டுக் கட்டணம், வீட்டுச் சாதனங்களுக்குப் பராமரிப்பு ஒப்பந்தம். பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு சேவையைப் பிறகு தரும் வியாபாரம் இன்று பட்டணத்துக் கடைவீதியிலும் உண்டு, தோட்டத்து வீட்டு வாசலிலும் உண்டு. சேவை பிடிக்கவில்லை என்றாலோ, வேலை மாறி வேறு ஊருக்குப் போனாலோ, “கட்டிய பணம் திரும்பத் தரப்படாது” என்று ரசீதில் அச்சிட்ட வரியைக் காட்டுகிறார்கள். பலரும் அத்தோடு விட்டுவிடுகிறார்கள்.

ஆனால், அந்த ஒரு வரியை வைத்து எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. இந்நாட்டில் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேல் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொடர்ந்து வருங்காலத்தில் வழங்கப்படும் சேவைக்கான ஒப்பந்தங்களைப் பற்றி இச்சட்டத்தின் 17-ஆவது பிரிவு பேசுகிறது. பயனீட்டாளர் இத்தகைய ஒப்பந்தத்தைப் பாதியில் ரத்து செய்யலாம். அப்போது நிறுவனம் முழுத் தொகையையும் வைத்துக்கொள்ள முடியாது. ரத்து செய்ததற்காக ஒப்பந்தத்தின் முழு விலையில் 5 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளலாம். அதோடு, ஏற்கெனவே பயன்படுத்தியதற்கான விலையையும் கணக்கில் சேர்க்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: 12 மாதங்களுக்கு 2,400 ரிங்கிட் கட்டியவர் மூன்று மாதத்தில் நிறுத்துகிறார். பயன்படுத்திய மூன்று மாதத்துக்கு 600 ரிங்கிட், 5 விழுக்காடாக 120 ரிங்கிட், ஆக 720 ரிங்கிட் போகும். மீதி 1,680 ரிங்கிட்டை அவர் கேட்கலாம். இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஏறக்குறைய ஒரு மாத உழைப்பைத்தான் பலர் கேட்காமல் விடுகிறார்கள்.

சேவையைத் தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், நியாயமான காலத்துக்குள் முடிக்க வேண்டும் என்றும் இதே சட்டம் விதிக்கிறது. இந்த உரிமைகள் பொருந்தாது என்று ஒப்பந்தத்தில் எழுதித் தப்பிக்க 6-ஆவது பிரிவு இடம் தரவில்லை.

இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மருத்துவர்கள் போன்ற சுகாதாரத் துறையினர் தரும் சிகிச்சை இச்சட்டத்துக்குள் வராது. சாதாரண அழகு நிலையமும் மருத்துவர் நடத்தும் அழகுச் சிகிச்சை மருந்தகமும் ஒன்றல்ல. அடுத்து, வீடு தேடி வந்து விற்பவர்களுக்கு 1993-ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் தனியாக உண்டு. அதன்படி ஒப்பந்தம் செய்த மறுநாள் தொடங்கி 10 வேலை நாட்களுக்குள் மனம் மாறினால் ரத்து செய்யலாம்.

எங்கே போவது?

முதலில் நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும், ஆனால் தேதியோடு பதிவு இருக்க வேண்டும். கடையில் நின்று வாய்வார்த்தையாகச் சொன்னதைப் பின்னர் மெய்ப்பிப்பது கடினம். கடன் அட்டையில் தவணையாகக் கட்டுபவர்கள் வங்கிக்கும் எழுதித் தெரிவிப்பது நல்லது.

பதில் இல்லையென்றால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் (திரிபுனல் துந்துதான் பெங்குனா) மனு செய்யலாம். இது உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கீழ் இயங்குகிறது.

கட்டணம்: 5 ரிங்கிட். பாரம் 1-ஐ நிரப்ப வேண்டும். இணையம் வழியும் பதியலாம்.

கோரும் தொகை: 50,000 ரிங்கிட் வரை. 2019-இல் செய்த சட்டத் திருத்தத்துக்கு முன் இது 25,000 ரிங்கிட்டாக இருந்தது.

காலக்கெடு: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள்.

வழக்கறிஞர்: இரு தரப்புக்கும் கிடையாது. நிறுவனத்தின் சார்பில் அதன் முழுநேர ஊழியர் வரலாம்.

தீர்ப்பு வந்து 14 நாட்களுக்குள் நிறுவனம் அதை நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். 10,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டுகள் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ரசீது, ஒப்பந்தம், குறுஞ்செய்திகள், சேவை பெற்ற நாட்களின் கணக்கு ஆகிய நான்கும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது போல்தான்.

சட்டம் எட்டாத இடம்

கடை திறந்திருக்கும்வரை இவ்வளவும் பயன்படும். கடையையே மூடிவிட்டுப் போனால்? தீர்ப்பு கையில் இருக்கும். கொடுக்க ஆள் இருக்காது.

வாடிக்கையாளர் முன்கூட்டிக் கட்டும் பணத்துக்கு ஈடாகப் பிணைத் தொகை வைக்கும்படி 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சேவை நிறுவனங்களைக் கேட்கவில்லை. வேறு நாடுகளில் அப்படிக் கேட்பதும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், சாதனங்களுக்கும் பொருட்களுக்கும் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் விற்கும் நிறுவனம் முதலில் மாநில அரசிடம் பதிய வேண்டும். சொன்னபடி செய்ய வசதி இருக்கிறது என்பதையும் காப்புறுதி, ஒதுக்கிவைத்த நிதி போன்ற வழிகளில் ஒன்றின் மூலம் காட்ட வேண்டும். நிறுவனம் நொடித்தால் வாடிக்கையாளர் வெறுங்கையோடு நிற்கக்கூடாது என்பதே அந்த ஏற்பாட்டின் நோக்கம்.

இங்கே அந்தக் காவலை நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பணம் கட்டுமுன் நிறுவனத்தின் பெயரும் பதிவு எண்ணும் மலேசிய நிறுவன ஆணையத்தில் (எஸ்எஸ்எம்) உள்ளனவா என்று பாருங்கள். தனிநபர் வணிகம் என்றால் உரிமையாளரே கடனுக்குப் பொறுப்பு. செண்டிரியான் பெர்ஹாட் என்றால் நிறுவனம்தான் பொறுப்பு, இயக்குநரின் சொந்தச் சொத்து பொதுவாக அதில் சேராது. மனுவிலும் கடைப் பலகையில் உள்ள பெயரை எழுதாமல் பதிவான பெயரையே எழுத வேண்டும். ரசீதில் அந்த எண் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.

“இன்றே கட்டினால் பாதி விலை” என்று அவசரப்படுத்தும் இடத்தில் ஓராண்டுக்குப் பதில் ஒரு மாதத்துக்குக் கட்டிப் பாருங்கள். கழிவில் மிச்சமாகும் பணத்தைவிட, கடை மூடினால் இழக்கும் பணம் பெரிது.

இப்போதே ஏமாந்து நிற்பவர்கள் ரசீதின் தேதியை எடுத்துப் பாருங்கள். மூன்றாண்டு இன்னும் முடியவில்லை என்றால், மனு செய்ய 5 ரிங்கிட்தான்.