சிவப்பு விமானம் எப்படி ஒளிந்துகொள்ளும்?

பொங்கல் விழாவில் நம் கிளப் ஹவுஸில் நான் செய்த பிளாஸ்டிக் விமான மாடல்களைச் சிலர் பார்த்திருப்பீர்கள். எல்லாமே முதல் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானங்கள். ஒரு சிறுமி கேட்டாள்: "தாத்தா, எதிரி கண்ணுல படாம இருக்கத்தானே பெயின்ட் அடிப்பாங்க? இது ஏன் இப்படிச் சிவப்பா இருக்கு?" அன்று கூட்டத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கடனை இப்போது அடைத்துவிடுகிறேன்.

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது விமானங்களுக்கு மறைப்பு வண்ணமே கிடையாது. மரச்சட்டத்தின் மேல் லினன் துணியை இழுத்துக் கட்டி, அது விறைப்பாக நிற்க 'டோப்' என்ற பூச்சைத் தடவுவார்கள். கோராத் துணியின் நிறம்தான் விமானத்தின் நிறம். தரையில் இருந்த சிப்பாய்களோ தலைக்கு மேல் பறந்ததையெல்லாம் சுட்டார்கள். சொந்த விமானங்களும் தப்பவில்லை. ஆகவே செப்டம்பரிலிருந்து இறக்கையிலும் வாலிலும் கருப்பு இரும்புச் சிலுவையை வரையத் தொடங்கினார்கள். கவனியுங்கள்: முதலில் வந்தது ஒளிவதற்கான வண்ணம் அல்ல, "நான் உங்க ஆள், சுடாதீங்க" என்ற அடையாளம்.

மறைப்பு வண்ணம் பிறகுதான் வந்தது. மேலிருந்து பார்க்கும் எதிரிக்குத் தரையோடு கலந்து தெரிய மேல்புறத்தில் பச்சை, பழுப்பு, ஊதா. கீழிருந்து பார்ப்பவருக்கு வானத்தோடு கலக்க அடிப்புறத்தில் வெளிர்நீலம். ஆனால் பெயின்ட் என்றால் பாரம்; அடிக்கவும் காயவும் நேரம் வேறு. எனவே துணியிலேயே, நம் சீட்டித் துணிபோல, நான்கைந்து நிறங்களில் பலகோணக் கட்டங்களை அச்சடித்துவிட்டார்கள். 1917 முதல் இது பரவலானது. மாடல் கடைகளில் 'லாசெஞ்ச் டெக்கால்' என்று விற்பது இந்த டிசைனைத்தான். மேல்புறத்துக்கு அடர் நிறத் துணி, அடிப்புறத்துக்கு வெளிர் நிறத் துணி. ஒட்டும்போது மாற்றி ஒட்டிவிடாதீர்கள்.

இப்போது சிவப்புக்கு வருவோம். 1917 ஜனவரியில் 'ஜாஸ்டா 11' படைப்பிரிவுக்குத் தலைவரான மான்ஃப்ரெட் ஃபொன் ரிச்தோஃபென் தன் விமானத்துக்குச் சிவப்பு அடித்தார். பல விமானங்கள் ஒன்றையொன்று சுற்றிச் சண்டையிடும்போது மறைப்பு உதவாது. தலைவர் எங்கே என்று தோழர்களுக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். அவருடைய ஆட்களும் சிவப்பு அடித்து, கூடவே ஆளுக்கொரு நிறம் சேர்த்துக்கொண்டார்கள். தம்பி லோதருக்கு மஞ்சள்.

1918 மார்ச்சில் வளைந்த சிலுவையை நேர்க்கோட்டுச் சிலுவையாக மாற்ற உத்தரவு வந்தது. பழையதன் மேலேயே புதியதை வரைந்ததால் சில விமானங்களில் பழைய சிலுவையின் தடம் தெரியும்.

அந்த வானத்தில் நம்மவரும் இருந்தார். கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய் பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 வெற்றிகள் பெற்றவர். ஜூலை 22 அன்று ஃபாக்கர் டி.7 விமானங்களுடன் நடந்த சண்டையில் இறந்தார். வயது 19. இவற்றைப் பொம்மை என்று என்னால் நினைக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

மாடல் செய்யும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அக்காலக் கருப்பு வெள்ளைப் படங்களை அப்படியே நம்பாதீர்கள். அன்றைய ஃபிலிமில் சிவப்பும் மஞ்சளும் கருத்து விழும்; நீலம் வெளுத்துவிடும். படத்தை நம்பி, மஞ்சள் வர வேண்டிய இடத்தில் கருஞ்சாம்பல் அடித்து, ஒரு மாத வேலையைச் சுரண்டி எடுத்தவன் நான். வங்கியில் வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடமாட்டோம். இங்கும் அதே விதிதான். 1918 ஏப்ரல் 21 அன்று ரிச்தோஃபென் வீழ்ந்ததும் அவருடைய ஃபாக்கர் மூவிறக்கை விமானத்தின் துணியைச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாக அறுத்துக்கொண்டார்கள். கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் அதன் துண்டுகள் இருக்கின்றன. அந்தச் சிவப்புக்கு அதுதான் வவுச்சர்.

ஆக, கண்ணா, கீழே இருப்பவன் சுடாமலிருக்கச் சிலுவை. எதிரி பார்க்காமலிருக்கக் கட்டத் துணி. தோழன் தொலைக்காமலிருக்கச் சிவப்பு. மூன்றும் ஒரே விமானத்தில்.