புல்லிட் மஸ்டாங்: ஒரு 6,000 டாலர் கார்

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கார் என்றாலே தேய்மானம்தான் ஞாபகம் வரும். ஷோரூமை விட்டு வெளியே வந்த அன்றே மதிப்பு இறங்க ஆரம்பித்துவிடும். நாங்கள் போடும் கணக்குகளில் ஆண்டுக்கு 15 சதவீதம் கழித்துக்கொண்டே போவோம். இந்தக் கணக்கையே தலைகீழாக்கிய ஒரு கார் உண்டு.

1968-ல் வந்த ஹாலிவுட் படம் 'புல்லிட்'. ஸ்டீவ் மெக்குயின்தான் சான் பிரான்சிஸ்கோ போலீஸ் அதிகாரி. கதை கொஞ்சம் குழப்பம், இரண்டு தடவை பார்த்தும் எனக்கு முழுசாக விளங்கவில்லை. ஆனால் நடுவில் கிட்டத்தட்ட 11 நிமிடத்துக்கு ஒரு துரத்தல் வரும் பாருங்கள்! மெக்குயினிடம் கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 390, வில்லன்களிடம் கறுப்பு டாட்ஜ் சார்ஜர். மேடும் சரிவுமான தெருக்கள், ஒவ்வொரு முனையிலும் வண்டிகள் தரையை விட்டு எழும்பிக் குதிக்கின்றன. வேகம் பிடித்ததும் பின்னணி இசையை நிறுத்திவிடுகிறார்கள். எஞ்சின் உறுமலும் டயர் கிறீச்சிடுவதும் மட்டும்தான். மெக்குயின் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, புகை பறக்க ரிவர்ஸ் எடுத்ததைக்கூட வெட்டவில்லை. ஒரே பச்சை பீட்டில் காரைத் திரும்பத் திரும்ப முந்துவதும், நாலு சக்கர சார்ஜரிலிருந்து நாலுக்கு மேல் வீல் கப் கழன்று விழுவதும் தனிக் காமெடி :-) இருந்தாலும் எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கிடைத்தது.

படத்துக்குப் பயன்பட்டவை இரண்டு மஸ்டாங்குகள். ஒன்று சண்டைக் காட்சி வண்டி, மற்றது மெக்குயினின் முக்கிய வண்டி. இந்த இரண்டாவது கை மாறிக் கை மாறி, 1974-ல் ஒரு பத்திரிகை விளம்பரம் வழியாக நியூஜெர்சிக்காரர் ஒருவரிடம் 6,000 டாலருக்கு வந்தது. அவர் மனைவி பள்ளி ஆசிரியை. வேலைக்குப் போக அதைத்தான் ஓட்டினார்!

1977-ல் மெக்குயினே கடிதம் எழுதினார். காரைத் திருப்பிக் கொடுத்தால், அதேபோல் வேறொரு மஸ்டாங் தேடித் தருவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தார். இவர் கொடுக்கவில்லை. 1980-ல் கிளட்ச் போய் வண்டி ஓரங்கட்டப்பட்டது. அதே ஆண்டு மெக்குயினும் இறந்துபோனார். அப்புறம் பல வருடம் அந்தக் கார் எங்கே என்று ரசிகர்களுக்குத் தெரியாது. 2014-ல் அப்பா காலமான பிறகு, மகன்தான் அதை ஓடும் நிலைக்குக் கொண்டுவந்து, 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் உலகுக்குக் காட்டினார். 2020 ஜனவரியில் ஃபுளோரிடாவில் ஏலம். கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர்.

கால்குலேட்டரை எடுத்துப் பார்த்தேன். 46 வருடத்தில் 623 மடங்கு. கூட்டு வட்டியாகப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 15 சதவீதம்! நாங்கள் கழிக்கும் அதே 15, இங்கே கூடிக்கொண்டே போயிருக்கிறது. இத்தனைக்கும் புது பெயிண்ட் கிடையாது. மங்கிய பச்சையும், கேமரா பொருத்த அடியில் வெல்டிங் செய்த குழாய்களும் அப்படியே இருந்தன. பளபளப்பாக்கியிருந்தால் மதிப்பு குறைந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நற்பெயரை ஒரு சொத்தாகக் கணக்கில் எழுதச் சொல்லித் தருகிறார்களே, அதைக் கையால் தொட்டுப் பார்க்க முடிந்தால் இப்படித்தான் இருக்கும்.

அந்தச் சண்டைக் காட்சி வண்டி? நசுக்கிப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் அது கிடைத்த செய்தி 2017-ல் வந்தது. வாங்கியவர் அதை 'கான் இன் சிக்ஸ்டி செகண்ட்ஸ்' படத்து மஸ்டாங் மாதிரி மாற்றத்தான் நினைத்திருந்தார். நல்லவேளை, அதற்குள் சேசிஸ் நம்பரைச் சரிபார்த்துவிட்டார்கள்.