மடக்கெழுத்தாணி

மாம்பழம் நறுக்க, பென்சில் சீவ நாம் வைத்துக்கொள்ளும் மடக்குக் கத்திக்குப் பேனாக்கத்தி என்று பெயர். மேல்நாட்டார் இறகுப் பேனா சீவுவதற்கு வைத்திருந்த கத்தி அது. நம் நாட்டில் அதற்கு ஒரு பங்காளி உண்டு: மடக்கெழுத்தாணி. மரத்திலோ மாட்டுக் கொம்பிலோ செய்த பிடிக்குள் ஒரு பக்கம் எழுத்தாணி, மறு பக்கம் ஓலை வாரும் கத்தி.

அதை நினைத்தால் எனக்குத் திருவதிகைதான் ஞாபகம் வரும். அப்பர் முதன்முதல் பதிகம் பாடிய ஊர். அவர் பாடல்களில் பெரும்பகுதி சிதம்பரத்தில் கறையானுக்கு இரையானதாகத் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. மிஞ்சியவை நமக்கு எப்படி வந்தன? ஓலை சில நூறு ஆண்டுகளில் இற்றுப் போகும். அதற்குள் யாராவது புது ஓலை வாரிப் பிரதி செய்ய வேண்டும். பெயர் தெரியாத அந்த மனிதர்களுக்குத்தான் நான் முதல் கும்பிடு போடுவேன்.

கத்தி மழுங்கினால் ஓலை விளிம்பு பிசிறும். சாணைக்கல்லில் தீட்டித் தீட்டி வைத்திருக்க வேண்டும். எழுத்தாணியின் சங்கதி வேறு. முனை மிகக் கூராக இருந்தால் ஓலை பொத்துவிடும். அந்தப் பயத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதையே விட்டுவிட்டார்கள். ‘கல்’ என்பதும் ‘கல’ என்பதும் ஏட்டில் ஒன்றுதான். 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்ட உ. வே. சாமிநாதையர் இப்படிப் புள்ளியில்லாத ஏடுகளோடுதான் மல்லாடினார்.