அரிக்கன் லாம்பு யாருக்கு, குப்பி விளக்கு யாருக்கு?

பெருநாளைக்கு வீடு துப்புரவாக்கும்போது பரணில் இருந்து ஒரு பழைய அரிக்கன் லாம்பு இறங்கியது. சிமினி இல்லை, அடியில் துரு. ஆனாலும் நாங்கள் சகோதரர்கள் மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். பிள்ளைகளைக் கூப்பிட்டு, "இந்த வெளிச்சத்திலதான் நாங்க படிச்சோம்" என்று பெருமையாகக் காட்டினோம். அந்தக் கதையைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தோம்.

இலங்கையில் பழைய லக்ஷபான நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இல். இலங்கை மின்சார சபை உருவானது 1969 இல். ஆனால் எழுபதுகளில், அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு கம்பிகூட வந்து சேரவில்லை. பிரதான வீதியில் சில கடைகளுக்கும் பள்ளிவாசலுக்கும்தான் கரண்ட். மற்ற எல்லோருக்கும் மண்ணெண்ணெய். சங்கக்கடையில் போத்தலோடு வரிசையில் நின்றுதான் அதையும் வாங்க வேண்டும்.

விளக்குகளில் மூன்று தரம் இருந்தது.

முதலாவது பெற்றோல்மக்ஸ். பெயரில் பெற்றோல் இருந்தாலும் எரிந்தது மண்ணெண்ணெய்தான். ஜெர்மன் மொழியில் மண்ணெண்ணெய்க்குப் 'பெற்றோலியம்' என்றுதான் பெயர். அதோடு பெர்லினில் அந்த விளக்கைச் செய்த கம்பனியின் மக்ஸ் கிரெட்ஸ் என்பவரின் பெயரும் சேர்ந்ததே 'பெற்றோமக்ஸ்'. நாங்கள் நடுவில் ஒரு 'ல்' சேர்த்துக்கொண்டோம். ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, பம்ப் அடித்து, மென்டில் வெள்ளையாகப் பூக்கும்வரை பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். ஆனால் அது எங்கள் வீட்டுச் சாமான் அல்ல. ஊரில் இரண்டு மூன்று பேரிடம்தான் இருந்தது. கல்யாணம், மௌலூது, மையித்து வீடு என்றால் இரவல் வரும், மறுநாள் திரும்பிப் போகும்.

இரண்டாவது அரிக்கன் லாம்பு. 'ஹரிக்கேன்' என்றால் சூறாவளி. காற்றுக்கு அணையாது என்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர், எங்கள் வாயில் அரிக்கன் ஆனது. வீட்டுக்கு ஒன்று, கூடினால் இரண்டு. மஃரிபுக்கு முன்னரே சிமினி துடைத்து, திரியைக் கத்தரித்து, எண்ணெய் ஊற்றி வைத்திருக்க வேண்டும். தொழுதுவிட்டு வந்ததும் பன்பாயின் நடுவில் அதை வைத்து, சுற்றிவர நாங்கள் மூவரும் புத்தகத்தை விரிப்போம். யாருடைய தலை நிழல் யாருடைய கொப்பியில் விழுகிறது என்பதுதான் தினமும் சண்டை.

மூன்றாவது குப்பி விளக்கு. வெறும் மருந்துப் போத்தல், மூடியில் ஒரு துளை, தகரக் குழாய், பழைய துணித்திரி. காசு செலவில்லை. கண்ணாடி மறைப்பும் இல்லை. அது இருந்த இடம் அடுப்படி.

இவ்வளவையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் ராத்தா தேத்தண்ணியோடு வந்தார். லாம்பைத் தூக்கிப் பார்த்தார். "உங்களுக்கு வெளிச்சம்தான் ஞாபகம். எனக்கு சிமினி துடைச்சதுதான் ஞாபகம்" என்றார்.

எங்களுக்குப் பேச்சு வரவில்லை. சிமினிக்குள் நுழையும் சின்னக் கை வேண்டும் என்பதால் சாம்பலும் துணியுமாக அந்த வேலை ராத்தாவுக்கே வந்தது. துடைத்துத் துலக்கியது அவர், சுற்றி உட்கார்ந்து படித்தது நாங்கள். எட்டாம் வகுப்போடு அவர் பாடசாலையை விட்டார். பிறகு அவருக்குக் கிடைத்தது குப்பி விளக்கின் வெளிச்சம் மட்டுமே.

1978 நவம்பர் 23 சூறாவளிக்கு முந்திய வருடம் அது. அடுப்படிக் கிடுகுக் கூரையில் இருந்து பூனை பாய்ந்து, குப்பி விளக்கு சரிந்தது. எண்ணெய் ராத்தாவின் இடது கையில் கொட்டிப் பற்றிக்கொண்டது. உம்மா ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தார். தழும்பு இன்றும் இருக்கிறது. ராத்தா நீளக் கைச் சட்டையே போடுவதால் நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. உயரமான, அடி ஒடுங்கிய போத்தல் இலேசாகச் சாயும். இறுக்கமில்லாத மூடி கழன்று எண்ணெய் சிந்தும். நாடு முழுவதும் பெண்களும் பிள்ளைகளும் இப்படி எரிந்து வந்ததைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த ஒருவர் இருந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் வைத்தியர் விஜய கொடகும்புர. மார்மைட் போத்தலின் வடிவத்தில் இருந்து அவருக்கு ஒரு யோசனை வந்தது. குள்ளமான, தடித்த கண்ணாடி, உருண்டு ஓடாதபடி இரண்டு தட்டைப் பக்கம், திருகி இறுக்கும் உலோக மூடி. 'சுதீப' என்ற அந்த விளக்கு மிகக் குறைந்த விலைக்கு ஏழை வீடுகளுக்குப் போனது. 1998 இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எங்கள் பாடப்புத்தகங்களில் மன்னர்கள் நிறைய வருகிறார்கள். இவரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

யுத்த காலத்தில் குப்பி விளக்குக்கும் பஞ்சம் வந்தது. 1990 க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சும் சொட்டு எண்ணெயும் வைத்து எரித்த விளக்கில் ஒரு தலைமுறை படித்துப் பரீட்சை எழுதியது.

பிறகு 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. "பழைய காலம் திரும்பி வந்துவிட்டது" என்று நாங்கள் முதலில் சிரித்தோம். மண்ணெண்ணெய் வரிசையில் நின்றபோது சிரிப்பு போனது. ஒகஸ்டில் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவானது. ஏழையின் எண்ணெய் என்ற பெயரும் அன்றோடு போய்விட்டது.

அந்த இரவுகளில் ராத்தா வீட்டில் ஒரேயொரு சார்ஜ் லைட்தான் இருந்தது. பேத்திக்கு மே மாதம் ஓ.எல். பரீட்சை. ராத்தா அந்த லைட்டை அவளுடைய மேசையில் வைத்துவிட்டு, மெழுகுதிரியோடு அடுப்படிக்குப் போனார். "ஆம்பிளப் பிள்ளைகள் எங்க படிக்கிற?" என்று கேட்டதற்கு, "அவளோட சேர்ந்து இருந்து படிக்கட்டும்" என்றார்.

அரிக்கன் லாம்புக்குச் சிமினி தேடிக்கொண்டிருக்கிறோம். கிடைத்தால் விறாந்தையில் தொங்கவிடுவோம். பழைய சாமான்களில் ஆசை வைப்பது பிழையல்ல. ஆனால் அந்த வெளிச்சத்தில் படித்தவர்களின் கதையோடு, அதைத் துடைத்தவரின் கதையையும் இனிச் சொல்லுவோம்.

இன்று இரவு உங்கள் உம்மாவிடம், ராத்தாவிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்களுக்கு எந்த விளக்கு கிடைத்தது?" அவர்கள் சொல்வதை எங்களுக்கும் எழுதுங்கள்.