கடலடிப் படிவுகளும் பஞ்சத்தின் வரலாறும்: மாத்தளையை முன்வைத்துச் சில குறிப்புகள்

பண்டைய காலநிலை மாற்றங்களை அறிதற்குக் கடலடிப் படிவுகள் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. தென்மேற் பருவக்காற்று வலுப்பெறுகையில் அரபிக்கடலின் ஒமான் கரையோரத்தில் ஆழ்நீர் மேலெழுகின்றது. அந்நீர் தரும் ஊட்டத்தாற் குளோபிஜெரினா புலொய்டஸ் என்னும் நுண்ணுயிர் பெருகுகின்றது. இறந்தபின் அதன் சுண்ணாம்பு ஓடுகள் கடலடியிற் படிகின்றன. அவ்வோடுகளின் விகிதம் குறைந்த படை, காற்றுத் தளர்ந்த காலத்தைக் குறிக்கும். 2003ஆம் ஆண்டிலே குப்தா, அண்டர்சன், ஓவர்பெக் ஆகியோர் இவற்றை ஆராய்ந்து, பனியுகத்துக்குப் பிந்திய காலத்திலும் பருவக்காற்றுப் பன்முறை திடீரெனத் தளர்ந்தமையையும், அத்தளர்ச்சிகள் வட அட்லாந்திக்கின் குளிர்க்காலங்களோடு ஒத்துவந்தமையையும் காட்டினர்.

மாத்தளை மாவட்டத்தின் வறண்ட பகுதிகள் பெரிதும் வடகீழ்ப் பருவக்காற்றையே நம்பியுள்ளன. ஆதலின் ஒமான் படிவுகளை இங்கு நேரடியாகப் பொருத்துதல் தகாது. அதனினும் அடிப்படையான வினா ஒன்றுண்டு: மழை குன்றியமையை அறிந்த அளவிற் பஞ்சத்தின் வரலாற்றை அறிந்தவராவோமா?

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில் அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், வாய்மொழியாக வழங்கிய திரிபிடகம் இங்கு ஏட்டில் எழுதப்பட்டதென மரபு கூறும். பஞ்சத்தாலும் போராலும் ஓதுவோர் அருகினால் நூலும் அழியுமென்னும் அச்சம் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. ஓர் இலக்கிய மரபு எழுத்து வடிவம் பெற்றமைக்குப் பட்டினியும் தூண்டுதலாயிற்று என்பது இலக்கிய வரலாற்றாசிரியர் மனங்கொள்ளத்தக்கது. எனினும் அப்பஞ்சத்தில் மடிந்த உழவரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இவ்வீதியே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு பஞ்சத்தின் வழியாயிற்று. மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் தம்புள்ளையூடாக மாத்தளைக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர்; நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1876-78 பஞ்சத்தின்போது அவ்வாறு இலங்கைக்கு வந்தோர் தொகை பெருகிற்று. சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தமைக்கு எல் நினோ காரணமென்பர். ஆயின், அவ்வாண்டுகளிலும் இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியாயிற்று. 1877இல் றிச்சட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆணின் நாட்கூலியை ஓரணாவும் ஓர் இறாத்தல் தானியமுமாகக் குறைத்தார். இவற்றுக்கு எல் நினோ பொறுப்பாகாது.

காற்றின் தளர்ச்சி இயற்கையின்பாற்பட்டது. களஞ்சியம் எவர் கையிலிருந்தது என்பது உற்பத்தி உறவுகளின்பாற்பட்டது. முன்னையதைக் கடலடிப் படிவு கூறும். பின்னையதைக் கல்வெட்டு, நிர்வாக அறிக்கை, தோட்டத்து வாய்மொழிப் பாடல் ஆகியவற்றிலேயே தேடல்வேண்டும். இவ்விரு சான்றுகளையும் இணைத்து நோக்கும்போதே பஞ்சத்தின் வரலாறு முழுமையுறும்.