பொட்டுக்கட்டை எதிர்த்த மூவலூர் அம்மையார்

நெல் விளையும் நம் தஞ்சைத் தரணியில் சிறுமியரைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இராசராசன் பெரிய கோவிலில் 400 தளிச்சேரிப் பெண்டுகளை அமர்த்தி, ஆளுக்கொரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் அளித்ததைக் கல்வெட்டே கூறும். பிற்காலத்திலோ, விவரம் அறியாப் பருவத்தில் பொட்டுக் கட்டப்பட்ட பெண் மிராசுதாரர்களின் ஆசைக்கு இரையானாள்.

1883-இல் பிறந்த இராமாமிர்தம் மாயவரத்தை அடுத்த மூவலூரில் வளர்ந்தவர். வறுமையால் பெற்றோர் அவரை ஒரு தாசி வீட்டில் விட்டனர். அவரோ அந்த வாழ்வை மறுத்து, தமக்குப் பாட்டுக் கற்பித்த சுயம்புப் பிள்ளையை மணந்தார். ஊர் ஊராய்ச் சென்று இவ்வழக்கத்தை எதிர்த்துப் பேசினார். 1936-இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலையும் எழுதினார். சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி வாதாடினார். கலை அழிந்துவிடும் என்று தடுத்தவர்களும் உண்டு. (கலை அழியவில்லை, நாமறிவோம்!) 1947-இல் பொட்டுக்கட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. அம்மையார் அதைக் கண்ட பின்னரே 1962-இல் காலமானார்.

பொட்டுக்கட்டு போயிற்று; பிள்ளைப் பருவத்து மணம் இன்னும் முற்றும் போகவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பாத பெண்ணுக்கு மணம் முடித்து வைப்பவர் தண்டனைக்குரியவர். அத்தகைய பேச்சு காதில் விழுந்தால் 1098 என்ற எண்ணுக்குத் தெரிவிக்கலாம். கல்யாண ஓலை வாசிக்குமுன் பார்த்துக்கொள்ள, நம் ஞானஸ்நானப் பதிவேட்டிலேயே பெண்ணின் பிறந்த தேதி இருக்கிறது.